ஆர்செனல் ரயில் நிலையம்: பெயர் மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் சுரங்க ரயிலின் பிக்காடிலி தடத்தில் ஆர்செனல் என்று ஒரு நிலையம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கால்பந்து கிளப்பின் பெயர்தான் அதற்கு. 1932 வரை அதன் பெயர் கில்லெஸ்பி ரோடு. ஆட்டம் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்கள், ஹைகேட் முருகன் கோயிலுக்கு வந்த கையோடு மைதானத்தையும் பார்த்துவிட நினைக்கும் குடும்பங்கள், இங்கே படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் என எல்லோரும் இந்தப் பெயரைப் பற்றி என்னிடம் அதே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களை அதிகம் மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வாதத்துக்குரியவை பின்னால்.

ஒரு ரயில் நிலையத்துக்குக் கால்பந்து கிளப்பின் பெயரா? உண்மையாகவே கிளப்புக்காகத்தான் வைத்தார்களா?

ஆம், கிளப்புக்காகவேதான். 1932 அக்டோபர் 31 அன்று கில்லெஸ்பி ரோடு என்ற பெயர் நீக்கப்பட்டு ஆர்செனல் என்ற பெயர் வந்தது. சில குறிப்புகளில் நவம்பர் 5 என்று இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு வாரம்கூட இல்லை என்பதால் நாம் அதில் சண்டை போட வேண்டாம்.

அப்படியானால் கில்லெஸ்பி ரோடு என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

நிலையத்தின் வாசல் இருக்கும் தெருவின் பெயர் அது. தெருவுக்கு இன்றும் அதே பெயர்தான், மாறியது நிலையம் மட்டும். 1906 டிசம்பர் 15 அன்று ஹாமர்ஸ்மித்துக்கும் ஃபின்ஸ்பரி பார்க்குக்கும் இடையே இந்தத் தடம் திறக்கப்பட்டபோது, வடக்கு முனையிலிருந்து இரண்டாவது நிலையமாக இது இருந்தது. லண்டனில் பெரும்பாலான நிலையங்கள் பெரிய சாலைச் சந்திப்புகளில் இருக்கும். இதுவோ வரிசை வீடுகளுக்கு நடுவே, ஒரு குடியிருப்புத் தெருவில் ஒடுங்கி நிற்கிறது. அந்தத் தெருவைத் தெரியாதவருக்குப் பழைய பெயர் எதையும் சொல்லியிருக்காது. பின்னால் வரும் கதைக்கு இது முக்கியம்.

ஆர்செனல் என்பது அந்தப் பகுதியின் பெயர் என்றல்லவா நினைத்தேன்?

இல்லை. அந்தப் பகுதி ஹைபரி, இஸ்லிங்டன் வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆர்செனல் என்ற பெயர் தேம்ஸ் நதியின் தென்கரையில், நகரின் கிழக்கே இருக்கும் வுலிச்சிலிருந்து வந்தது. அங்கே ராயல் ஆர்செனல் என்ற அரசு ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. அதன் தொழிலாளர்கள் 1886-இல் ஓர் அணியைத் தொடங்கினார்கள். தங்கள் பட்டறையின் பெயரால் முதலில் அதை டயல் ஸ்கொயர் என்றார்கள். விரைவிலேயே அது ராயல் ஆர்செனல் ஆனது, 1893-இல் லீக்கில் சேர்ந்தபோது வுலிச் ஆர்செனல் ஆனது. வடக்கு லண்டனுக்கு வந்த பிறகு முன்னால் இருந்த ஊர்ப் பெயர் உதிர்ந்துவிட்டது.

எனவே இந்த நிலையத்தின் பெயர் ஹைபரி மண்ணில் முளைத்ததே அல்ல. நதியைக் கடந்து ஒரு கிளப் கொண்டுவந்த பெயர் ரயில் வரைபடத்தில் ஏறி, இன்று அந்த இடத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தம்பி, வரைபடத்தில் வுலிச் ஆர்செனல் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே. அங்கே இறங்கினால் மைதானத்துக்குப் போய்விடலாம்தானே?

தயவுசெய்து அங்கே இறங்காதீர்கள். மைதானம் நகரின் மறுகோடியில், நதிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஆட்ட நாளில் இந்தத் தவறைச் செய்தால் முதல் பாதி போய்விடும்.

வுலிச் ஆர்செனல் நிலையம் 1849-இல் திறக்கப்பட்டது. கிளப் பிறப்பதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, ஆயுதத் தொழிற்சாலையின் பெயரால் அமைந்த நிலையம் அது. 2009-இல் டாக்லேண்ட்ஸ் இலகு ரயிலும் அங்கே வந்து சேர்ந்ததால் குழப்பம் கூடிவிட்டது. செயலியில் தேடும்போது முன்னால் வுலிச் என்று இருந்தால் அது வேறு இடம்.

நன்றாக இருந்த ஊரை விட்டு கிளப் ஏன் இவ்வளவு தூரம் வந்தது?

நன்றாக இல்லாததால்தான். வுலிச் பக்கம் பிளம்ஸ்டெட்டில் இருந்த மேனர் மைதானத்துக்கு நகரின் மற்ற பகுதிகளிலிருந்து வந்து சேர்வது பெரும்பாடு. கூட்டம் குறைந்தது, பணம் வற்றியது. 1910-இல் ஹென்றி நோரிஸ் என்ற செல்வந்தர் கிளப்பைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். அவர் ஏற்கெனவே ஃபுல்ஹாம் கிளப்பின் தலைவர். இரண்டையும் இணைக்கப் பார்த்தார், லீக் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு புதிய இடம் தேடினார்.

ஹைபரியில் ஒரு சமயக் கல்லூரியின் விளையாட்டுத் திடல் கிடைத்தது. 21 ஆண்டுக் குத்தகைக்கு 20,000 பவுண்ட் கொடுத்தார். புனித வெள்ளியிலும் கிறிஸ்துமஸ் அன்றும் ஆட்டம் கூடாது, மது விற்கக் கூடாது என்ற நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டார். அருகிலிருந்த டாட்டன்ஹாம், கிளாப்டன் ஓரியன்ட் கிளப்புகள் எதிர்த்தன. இஸ்லிங்டன் நகரசபையும் எதிர்த்தது. அத்தனையையும் மீறி அந்த இடத்தையே பிடித்ததற்குப் பெரிய காரணம், திடலின் காலடியில் ஒரு சுரங்க ரயில் நிலையம் இருந்ததுதான். 1913 செப்டம்பர் 6 அன்று லெஸ்டர் ஃபாஸ் அணியுடன் அங்கே முதல் ஆட்டம். 2-1 என்று வென்றார்கள்.

கிளப் வந்ததால் நிலையம் வந்தது என்று பலர் தலைகீழாகச் சொல்வார்கள். நிலையம் இருந்ததால்தான் கிளப் வந்தது.

பெயரை மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னது யார்?

ஹெர்பர்ட் சாப்மன். 1925-இல் மேலாளராக வந்தவர். அதற்கு முன் ஹடர்ஸ்ஃபீல்ட் அணியை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லீக் சாம்பியன் ஆக்கியிருந்தார். மேலாளர் என்றால் பயிற்சி கொடுப்பவர் என்ற வரம்பில் நிற்காத மனிதர். 1928-இல் வீரர்களின் சட்டை முதுகில் எண் போட்டு இறக்கினார். மின்விளக்கு வெளிச்சத்தில் ஆட வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடினார். ஒரு பாதியின் 45 நிமிடத்தைக் காட்டும் பெரிய கடிகாரத்தை மைதானத்தில் வைத்தார். கால்பந்துச் சங்கம் ஆட்சேபித்ததும் அதைச் சாதாரணக் கடிகாரமாக மாற்றினார். சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் கை வந்ததும் அவர் காலத்தில்தான், 1933-இல்.

அவருடைய வாதம் எளிமையானது. லண்டனில் எந்த நிலையத்தில் நின்றாலும் சுவரில் ரயில் வரைபடம் இருக்கும். அதில் கிளப்பின் பெயர் இருந்தால், ஆட்டத்தில் ஆர்வமே இல்லாத பயணியின் கண்ணிலும் அது தினமும் படும். புதிதாக வருகிறவருக்கும் எங்கே இறங்குவது என்ற சந்தேகம் இருக்காது. கில்லெஸ்பி ரோட்டை யாருக்குத் தெரியும், இங்கே எல்லாம் ஆர்செனல்தானே என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். சொற்கள் அப்படியே அவருடையவையா என்பதைவிட, மனப்போக்கு அவருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ரயில் நிறுவனத்தாரிடம் மாதக்கணக்கில் பேசிப் பேசித்தான் காரியத்தை முடித்தார்.

1934 ஜனவரி 6 அன்று நிமோனியாவால் இறந்துபோனார். அதற்குள் 1930-இல் எஃப்.ஏ. கோப்பை, 1931-இலும் 1933-இலும் லீக் பட்டம் என்று கிளப்பைத் தூக்கி நிறுத்தியிருந்தார். அவர் பெயர் மாற்றிய நிலையத்தில் அவரால் ரயில் ஏற முடிந்தது ஓர் ஆண்டும் சில வாரங்களும் மட்டும்தான்.

ஒரு மேலாளர் போய்க் கேட்டால் ரயில்வே உடனே பெயரை மாற்றிவிடுமா?

இன்றைக்கு மாற்றாது. அன்றைக்கும் சும்மா மாற்றவில்லை. காலம் அவருக்குச் சாதகமாக இருந்தது. அப்போது சுரங்க ரயிலை நடத்தியது அண்டர்கிரவுண்ட் குழுமம் என்ற தனியார் நிறுவனம். ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் எடுத்து வந்தால் லாபம் அந்த நிறுவனத்துக்கும்தான். 1935-இல் ஹைபரியில் சண்டர்லேண்ட் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 73,295 பேர் வந்தார்கள் என்றால், கூட்டத்தின் அளவை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1932 செப்டம்பர் 19 அன்றுதான் பிக்காடிலி தடம் ஃபின்ஸ்பரி பார்க்கைத் தாண்டி ஆர்னோஸ் குரோவ் வரை நீட்டப்பட்டது. தடத்தின் வரைபடங்களையும் பலகைகளையும் எப்படியும் மாற்றியாக வேண்டிய நேரம். ஆறு வாரம் கழித்துப் பெயர் மாற்றம் வந்தது. இரண்டுக்கும் முடிச்சு உண்டு என்பது என் கணிப்பு. அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று தனியார் நிறுவனம் போய், லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் என்ற பொது அமைப்பு வந்துவிட்டது. சாப்மன் ஒரு வருடம் தாமதித்திருந்தால் வேறு மேசைக்கு முன்னால் நின்று மறுபடியும் முதலிலிருந்து பேசியிருக்க வேண்டும்.

பெயர்ப் பலகையை மாற்றினால் முடிந்தது வேலை, இல்லையா?

பலகை மிகச் சிறிய வேலை. அந்தக் காலத்து டிக்கெட்டுகளில் நிலையத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அந்த டிக்கெட்டுகள், அவற்றைத் தரும் இயந்திரங்கள், ஒவ்வொரு நிலையத்திலும் ஒட்டிய வரைபடங்கள், பெட்டிகளுக்குள் இருக்கும் தடப் படங்கள், கால அட்டவணைகள் என எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும்.

ஹாரி பெக் வரைந்த புகழ்பெற்ற வரைபடம் 1933 ஜனவரியில்தான் முதன்முதலாக மக்கள் கைக்கு வந்தது. நேர்க்கோடுகளும் வண்ணங்களுமாக இன்று உலகமெங்கும் பின்பற்றப்படுகிற அந்த வடிவத்தில் ஆர்செனல் என்ற பெயர் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. மூன்று மாதம் முந்திக்கொண்டதால் கிடைத்த இடம்.

பழைய வரைபடங்களில் ஆர்செனல் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ஹைபரி ஹில் என்று போட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

1932-இல் அதிகாரபூர்வமாக வைத்த முழுப் பெயரே அதுதான். ஹைபரி ஹில் என்பது நிலையத்தை ஒட்டி மேலேறும் சாலை. பழைய மைதானத்தின் மேற்குப் பக்க வாசல் அந்தச் சாலையில் இருந்தது. கிளப்பின் பெயரைத் தனியாக வைக்கத் தயங்கி, இடத்தின் பெயரையும் துணைக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. 1960 வாக்கில் அந்த ஒட்டு மறைந்து, கிளப்பின் பெயர் மட்டும் மிஞ்சியது.

அண்ணா, நடைமேடைச் சுவரில் இன்னும் கில்லெஸ்பி ரோடு என்றுதானே இருக்கிறது? மாற்ற மறந்துவிட்டார்களா?

அது 1906-இன் ஓட்டுச் சுவர். லெஸ்லி கிரீன் என்ற கட்டடக் கலைஞர் இந்தத் தடத்தின் நிலையங்களை வடிவமைத்தபோது, ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் நடைமேடையின் பீங்கான் ஓடுகளிலேயே பெரிய எழுத்துகளில் பதித்தார். வெளியே அவர் கட்டிய அடர்சிவப்பு முகப்பு 1930-களின் தொடக்கத்தில் நிலையத்தை அகலப்படுத்தியபோது இடிக்கப்பட்டுவிட்டது. அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அடுத்த நிலையமான ஹாலோவே ரோட்டைப் பாருங்கள். உள்ளே சுவரில் இருக்கும் எழுத்து மட்டும் தப்பியது.

அதை அப்படியே காப்பாற்றி வைத்திருப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரே நடைமேடையில் வட்டப் பலகை ஆர்செனல் என்கிறது, சுவர் கில்லெஸ்பி ரோடு என்கிறது. பெயர் மாற்றம் என்றாலே பழையதைச் சுரண்டி எடுப்பது என்று ஆகிவிட்ட உலகில், இரண்டையும் ஒரு பயணி அருகருகே படிக்க முடிகிற இடம் இது. முதல்முறை போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

ஆட்ட நாளில் இந்த நிலையத்திலேயே இறங்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

மைதானத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆனால் அம்மாவை இங்கே அழைத்து வராதீர்கள். லிஃப்ட் கிடையாது, எஸ்கலேட்டர் கிடையாது. நடைமேடையிலிருந்து வாசலுக்கு நீளமான சரிவுப் பாதையும் படிகளும்தான். அந்தப் பாதையின் ஓரத்தில் முழு உயரத்துக்கு ஒரு தடுப்பு வேலி இருக்கும். ஆட்ட நாளில் ஒரு பக்கம் பெருங்கூட்டம் போகும்போது எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு வேலிக்கு மறுபக்கம் இருக்கும் ஒடுக்கமான பகுதி. ஆட்டம் முடிந்ததும் வரிசை தெருவிலேயே நிற்கும்.

முழங்கால் வலி இருப்பவர்களுக்கு ஃபின்ஸ்பரி பார்க் நல்லது. அங்கே லிஃப்ட் இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஹாலோவே ரோடு வரைபடத்தில் பக்கமாகத் தெரியும். ஆனால் அது சிறிய நிலையம், ஆட்ட நேரத்தில் கட்டுப்பாடுகள் போடுவார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

லண்டனில் கால்பந்து கிளப் பெயரில் வேறு நிலையம் எதுவும் இல்லையா? வெஸ்ட் ஹாம் இருக்கிறதே?

சுரங்க ரயிலில் கிளப்பின் பெயரையே வைத்த நிலையம் ஆர்செனல் ஒன்றுதான். வெஸ்ட் ஹாம் என்பது ஊர்ப் பெயர். கிளப்பும் நிலையமும் தனித்தனியாக அந்த ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டவை. அந்த அணி 2016 வரை ஆடியது அப்டன் பார்க்கில், இப்போது ஆடுவது ஸ்ட்ராட்ஃபோர்டில்.

கிரிஸ்டல் பேலஸ் நிலையத்தில் இறங்கி அந்த அணியின் மைதானத்தைத் தேடாதீர்கள். 1924 முதல் அவர்கள் ஆடுவது செல்ஹர்ஸ்ட் பார்க்கில். குயின்ஸ் பார்க் நிலையத்தில் இறங்கினாலும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியின் மைதானம் கிடைக்காது, அது ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு கிளப்புகள் இடம் மாறியதால் வந்த குழப்பங்கள் இவை. பெயரைப் பார்த்து இறங்கினால் மைதானம் கிடைக்கும் என்ற உறுதி ஆர்செனலில்தான் இருக்கிறது.

உலகில் வேறு எங்காவது இப்படி உண்டா?

நிறைய உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகர மெட்ரோ இதில் எல்லோரையும் மிஞ்சிவிட்டது. அங்கே பாரா ஃபுண்டா நிலையம் 2006-இல் பல்மெய்ராஸ்-பாரா ஃபுண்டா ஆனது. தியெத்தே நிலையம் அதே ஆண்டு போர்த்துகேசா-தியெத்தே ஆனது. இடத்தின் பெயரை விடாமல் கிளப்பின் பெயரை முன்னால் சேர்த்தார்கள். 1932-இல் லண்டன் செய்து, பிறகு கைவிட்ட அதே முறை. கொரிந்தியன்ஸ்-இத்தாக்கேரா நிலையம் 1988-இலேயே திறந்துவிட்டது, அதன் அருகே கிளப்பின் மைதானம் திறந்தது 2014-இல்தான்.

மாஸ்கோவில் 1970-களில் வேறு பெயரில் கட்டி, திறக்காமலே போட்டு வைத்திருந்த ஒரு நிலையத்துக்கு 2014-இல் உயிர் கொடுத்து, அருகில் எழுந்த மைதானத்தின் அணியான ஸ்பார்டக்கின் பெயரை வைத்தார்கள். மாட்ரிட்டில் கிளப்பின் பெயரைவிட மைதானத்தின் பெயரை வைப்பது வழக்கம். அத்லெடிகோ அணி 2017-இல் இடம் மாறியபோது எஸ்தாதியோ ஒலிம்பிகோ என்ற நிலையம் எஸ்தாதியோ மெத்ரோபோலிதானோ ஆனது. இங்கிலாந்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தை ஒட்டி 1935-இல் ஆட்ட நாட்களுக்காக மட்டும் ஒரு நிறுத்தம் திறந்தார்கள், இப்போது அங்கே ரயில் நிற்பதில்லை.

2006-இல் கிளப் ஹைபரியை விட்டே போய்விட்டதே. இன்னும் அந்தப் பெயர் பொருந்துமா?

பொருந்தும். போன தூரம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர்தான். பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம் 2006 மே 7 அன்று விகன் அணியுடன் நடந்தது. 4-2 என்று வென்றார்கள், தியரி ஹென்றி மூன்று கோல் போட்டார். அந்த இடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆடுகளம் இருந்த இடம் குடியிருப்பவர்களின் தோட்டம். அவனெல் சாலையில் கிழக்கு அரங்கின் முகப்பைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். புதிய மைதானத்துக்கும் இதே நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். மைதானத்துக்கு வெளியே சாப்மனின் சிலையைப் பாருங்கள், 2011-இல் வைத்தது.

சொல்லப்போனால், ஹைபரி ஹில் என்ற ஒட்டு இன்றும் இருந்திருந்தால் அதுதான் பொருந்தாமல் போயிருக்கும்.

மைதானத்தின் பெயர் எமிரேட்ஸ். நிலையத்தையும் எமிரேட்ஸ் என்று மாற்றினால் வெளியூர்க்காரர்களுக்கு எளிதாக இருக்காதா?

வேண்டவே வேண்டாம். எமிரேட்ஸ் என்பது 2004-இல் ஒரு விமான நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தால் வந்த பெயர். ஒப்பந்தம் முடிந்தால் பெயரும் முடியும். ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் விளம்பர விதிகளால் அதே மைதானத்தை ஆர்செனல் ஸ்டேடியம் என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

இதே நிறுவனத்தின் பெயரில் தேம்ஸ் நதிக்கு மேலே ஒரு கம்பிவட ஊர்தி 2012-இல் திறக்கப்பட்டு, வரைபடத்திலும் அந்தப் பெயரோடு இடம்பெற்றது. பத்தே ஆண்டுகளில் விளம்பரதாரர் மாறினார், பெயர் மாறியது. நிலையத்தின் பெயர் தலைமுறைகளுக்கானது. அதைப் பத்து ஆண்டு வாடகைக்கு விடக் கூடாது.

டாட்டன்ஹாம் கிளப்பும் கேட்டதாமே? ஆர்செனலுக்குக் கொடுத்ததை அவர்களுக்கு மட்டும் மறுப்பது அநியாயம் இல்லையா?

2019-இல் புதிய மைதானம் திறந்த காலத்தில், அருகிலிருக்கும் ஒயிட் ஹார்ட் லேன் நிலையத்தை டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் என்று மாற்ற அந்தக் கிளப் முயன்றது. நடக்கவில்லை, நிலையம் இன்றும் ஒயிட் ஹார்ட் லேன்தான். வட்டார மக்களிலும் ரசிகர்களிலும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள்.

நான் ஆர்செனல் பக்கம் சாய்கிறேன் என்று நினைக்காதீர்கள். வரலாற்றைப் பாருங்கள். ஒயிட் ஹார்ட் லேன் நிலையம் திறந்தது 1872-இல். கிளப் தொடங்கியது 1882-இல். அவர்கள் அந்த இடத்துக்கு ஆட வந்தது 1899-இல். பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மைதானத்தையே ஒயிட் ஹார்ட் லேன் என்றுதான் உலகம் அழைத்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே பயணிக்கு மைதானத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கில்லெஸ்பி ரோடு யாருக்கும் எதையும் காட்டவில்லை. புதிய மைதானத்துக்கு ஒயிட் ஹார்ட் லேன் என்ற பெயரை வைக்காததால், பழைய ரசிகர்களுக்கு அந்தப் பெயரோடு மிஞ்சியிருக்கும் பொது இடம் அந்த நிலையம். அதையும் எடுத்துவிடுவது அவர்களுக்கே இழப்பு என்று நினைக்கிறேன்.

எல்லோருடைய வரிப்பணத்தில் ஓடும் ரயிலில் ஒரு கிளப்புக்கு மட்டும் இலவச விளம்பரம் சரிதானா? நான் டாட்டன்ஹாம் ரசிகன், அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. இந்தப் பெயர் விளம்பரமாகத்தான் பிறந்தது, மேலே சாப்மனைப் பற்றிய பதிலில் சொன்னபடி. ஆனால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு அது விளம்பரம் என்ற நிலையைக் கடந்துவிட்டது. அந்தத் தெருவில் குடியிருக்கும், கால்பந்தே பார்க்காத ஒருவருக்கும் வீடு எங்கே என்றால் ஆர்செனல் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். அவருடைய முகவரி ஆகிவிட்ட பெயரை நம் போட்டிக்காகப் பிடுங்க முடியாது.

குறுகிய கால வித்தைகள்தான் எனக்கு எரிச்சல். 2023 செப்டம்பரில் ஓர் ஆடை நிறுவனத்துக்காக பாண்ட் ஸ்ட்ரீட் நிலையத்தின் பலகைகளை பர்பெரி ஸ்ட்ரீட் என்று மாற்றினார்கள். பயணிகள் நிலையம் தெரியாமல் திண்டாடினார்கள். 2018 உலகக் கோப்பைக்குப் பிறகு சவுத்கேட் நிலையத்தை இரண்டு நாள் இங்கிலாந்துப் பயிற்சியாளரின் பெயரால் கேரத் சவுத்கேட் என்றார்கள். அது எரிச்சல் தரவில்லை. இருந்த பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடியது, அவ்வளவுதான், யாரும் வழி தவறவில்லை.

இன்று ஒரு கிளப் முறையாக விண்ணப்பித்தால் வாய்ப்பு உண்டா? எவ்வளவு செலவாகும்?

சுரங்க ரயிலும், தரைமேல் ஓடும் ஓவர்கிரவுண்ட் ரயிலும் இன்று லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் கையில். மேயரின் பொறுப்பில் வரும் பொது அமைப்பு அது. கிளப்பின் மேலாளர் ஒருவர் அதிகாரிகளிடம் பேசிப் பேசி முடித்துவிடக் கூடிய விஷயமாக இது இப்போது இல்லை. செலவுக்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். 2024-இல் ஓவர்கிரவுண்ட் ரயிலின் ஆறு தடங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்ததற்கு ஒதுக்கிய தொகை 63 லட்சம் பவுண்ட். வரைபடங்கள், பலகைகள், ஒலிபெருக்கி அறிவிப்புகள், கணினித் தகவல்கள் என எல்லாவற்றையும் மாற்றுவதற்கான பணம். அவற்றில் வெம்பிளி வழியாகச் செல்லும் தடத்துக்கு லயனஸ் என்று பெயர். இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணியைப் போற்றி வைத்தது. கால்பந்துக்கு ரயில் வரைபடத்தில் இன்னும் இடம் கிடைக்கிறது, ஆனால் தனிக் கிளப்புக்குக் கிடைப்பது அரிது.

ஒருவேளை ஆர்செனல் நாளை வேறு பகுதிக்கே போய்விட்டால்?

அப்போது மட்டும் நான் மறுபடியும் மாற்றச் சொல்வேன். வுலிச்சை விட்டு வந்த கிளப் இது. கிளப் போகவே போகாது என்று யாரும் உறுதி தர முடியாது. அணி இல்லாத இடத்தில் அணியின் பெயரை வைத்திருந்தால், கிரிஸ்டல் பேலஸ் பற்றிச் சொன்ன குழப்பம் இங்கும் வரும், ஆட்ட நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் தவறான இடத்தில் இறங்குவார்கள். ஆனால் ஏறக்குறைய 60,000 பேர் உட்காரும் அரங்கை இங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். அண்மையில் அப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.